ஏற்காட்டு ஓடைகளில் கிரேஃபிஷ் கிடைக்குமா? நன்னீர் நண்டைப் பிடிப்பதும் பக்குவமாகச் சமைப்பதும்

ஓமலூர்ப் பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓமலூருக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். வேலையின் பொருட்டு 6 ஆண்டுகள் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருந்துவிட்டு, சென்ற தை மாதம் ஊரோடு வந்துவிட்டேன். அங்கே மாசி, பங்குனி வந்தால் போதும், வீட்டுக்கு வீடு வாசலில் அண்டாவை ஏற்றி, கிரேஃபிஷ் என்னும் நன்னீர்ச் சிங்கி இறாலைச் சோளக்கதிர், உருளைக்கிழங்கு, எலுமிச்சை, மிளகாய்த்தூள் ஆகியவற்றோடு மூட்டை மூட்டையாக வேகவைப்பார்கள். என்னை அதிகம் கவர்ந்தது அதை வளர்க்கும் முறைதான். கோடையில் நெல் நிற்கும் வயலிலேயே தாய் கிரேஃபிஷ்களை விடுகிறார்கள். வயலில் நீர் வடியும்போது அவை மண்ணுக்குள் வளை தோண்டி இறங்கிவிடுகின்றன. அறுவடை முடிந்து ஐப்பசி வாக்கில் மறுபடியும் நீர் நிறுத்தியதும் குஞ்சுகளோடு வெளியே வருகின்றன. பிறகு மீன் துண்டுகளை இரையாக வைத்த கம்பிவலைக் கூண்டுகளில் மாதக்கணக்கில் பிடிக்கிறார்கள்.

நம் பகுதியும் நெல்லும் வாய்க்காலும் உள்ள பகுதிதானே. கிளியூர் அருவிக்குக் கீழே உள்ள ஓடையில் நீண்ட இடுக்கிகளோடு ஒன்றைப் பார்த்ததாக என் நண்பர் சொல்கிறார். சேர்வராயன் மலை ஓடைகளிலோ சரபங்கா ஆற்றிலோ இது கிடைக்குமா? கிடைக்காது என்றால், வண்ணமீன் கடைகளில் விற்பதை வாங்கி என் பண்ணைக்குட்டையில் விடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சரபங்கா கரை எழுதியது:

தம்பி, 50 ஆண்டுகளாக இந்த ஆற்றங்கரையில் விவசாயம் செய்கிறேன். நீங்கள் சொல்லும் கிரேஃபிஷ் நம் ஓடையில் கிடையாது. உங்கள் நண்பர் பார்த்தது நீண்ட முன்கை உள்ள ஆற்று இறாலாகவோ, கல்லுக்கு அடியில் இருக்கும் மலை நண்டாகவோ இருக்கும். ஆனால் நெல் வயலில் வளை தோண்டி, வெயிலில் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கி, மழை பெய்ததும் மேலே வரும் உயிர் என்று நீங்கள் வருணித்தது எங்கள் வயல் நண்டின் வாழ்க்கையேதான். அதைப் பிடிக்கும் முறையைச் சொல்கிறேன்.

நடவு முடிந்த முதல் 10, 15 நாட்களில் நண்டு இளம் பயிரை அடியோடு நறுக்கிவிடும். அதன் வளை வழியாக மேல்வயல் தண்ணீர் கீழ்வயலுக்குக் கசிந்து வரப்பே உடைந்துபோவதும் உண்டு. ஆகவே அண்டை வெட்டி வரப்பை அணைக்கும் நாட்களில் நண்டு பிடிப்பது எங்களுக்கு வயல்வேலையில் ஒரு பகுதி. குழம்பு அதனோடு சேர்ந்து வரும் கூலி.

பகலில் பிடிப்பதென்றால் வளையைப் படிக்கத் தெரிய வேண்டும். வளையின் வாயில் சிறு சிறு மண் உருண்டைகள் கிடக்கும். அவை ஈரமாகவும், தொட்டால் விரல்ரேகை பதியும் அளவுக்கு மென்மையாகவும் இருந்தால் நண்டு உள்ளே இருக்கிறது. உருண்டைகள் காய்ந்து, வாயில் சிலந்தி நூல் ஓடியிருந்தால் அது காலி வளை. மண் உருண்டையே இல்லாமல் வாய் வழவழவென்று தேய்ந்திருந்தால் நான் கிட்டேகூடப் போவதில்லை, ஏனென்றால் நண்டு விட்டுப்போன வளையில் தண்ணீர்ப்பாம்பும் இருக்கும், நல்ல பாம்பும் இருக்கும். சிறுவர்களை எந்த வளையிலும் கைவிட விடாதீர்கள். சோளத்தட்டையின் நுனியில் கோழிக்குடலை நூலால் கட்டி உள்ளே செலுத்தி மெல்ல ஆட்டினால், நண்டு பற்றிக்கொண்டு வருவது கையில் தெரியும். அவசரப்பட்டு இழுத்தால் விட்டுவிடும். வளையின் வாய்க்கு வரும்வரை விரற்கடை விரற்கடையாக இழுத்து, பின்பக்கமாக ஓட்டின் இரு ஓரத்தையும் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடியில் இடுக்கி எட்டாது.

இரவில் இன்னும் எளிது. முதல் மழை பெய்த இரவில் டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்தால் வெளிச்சம் பட்ட நண்டு சிறிது நேரம் அசையாமல் நிற்கும். வாய்க்கால் மடையில் மூங்கில் பறியை வைத்துவிட்டு விடியற்காலையில் எடுப்பதும் உண்டு. பூட்ஸ் காலணி கட்டாயம்.

விலங்கியல் ஆசிரியர் எழுதியது:

பெரியவர் சொன்னது சரி. கிரேஃபிஷ் இனங்கள் உலகில் 600-க்கும் மேல் இருந்தாலும், இந்தியத் துணைக்கண்டத்தில் இயற்கையாக ஒன்றுகூட இல்லை. வட அமெரிக்கா, ஐரோப்பா, கிழக்காசியாவின் சில பகுதிகள், தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மடகாஸ்கர் ஆகியவை அவற்றின் தாயகங்கள். நம் நாட்டு நன்னீரில் வளை தோண்டி வாழும் இடத்தை நண்டுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

பண்ணைக்குட்டை யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். லூசியானாவின் சிவப்புச் சதுப்புநிலக் கிரேஃபிஷ் 1920-களின் இறுதியில் ஜப்பான் வழியாகச் சீனாவுக்குள் வந்து, இன்று அந்த நாடெங்கும் பரவிவிட்டது. அமெரிக்க இனங்கள் சுமந்து சென்ற ஒரு பூஞ்சைபோன்ற நோய் ஐரோப்பாவின் சொந்தக் கிரேஃபிஷ்களை ஆறு ஆறாக அழித்தது. பளிங்குக் கிரேஃபிஷ் என்ற இனத்தில் ஆணே தேவையில்லை. ஒரே ஒரு பெண் தனியாகவே இனம் பெருக்கிவிடும். 1990-களில் ஜெர்மனியின் வண்ணமீன் தொட்டிகளில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட அது, இன்று மடகாஸ்கரின் வயல்களில் நிறைந்திருக்கிறது.

குட்டைக்கு வேலி போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். ஈரமான இரவில் கிரேஃபிஷ் தரையில் நடந்தே அடுத்த நீர்நிலைக்குப் போய்விடும். உங்கள் குட்டை நிரம்பி வழிந்தால் நீர் சரபங்காவில் சேரும், சரபங்கா காவிரியில் சேரும். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் திலாப்பியா நிலைகொண்டுவிட்டதை நாம் கண்ணால் பார்க்கிறோம். ஒருமுறை விட்டதைத் திரும்பப் பிடித்து முடித்த ஊர் அரிது.

ஆற்று இறாலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காவிரியின் பெரிய ஆற்று இறாலுக்குக் குஞ்சுப்பருவத்தில் உப்புக் கலந்த முகத்துவார நீர் தேவை. பிறகுதான் அது ஆற்றை எதிர்த்து மேலேறும். 1934-இல் கட்டிமுடித்த மேட்டூர் அணைபோன்ற குறுக்குச்சுவர்கள் அந்தப் பாதையை மறித்துவிடுகின்றன. நண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் முட்டையிலிருந்து நேராகச் சிறு நண்டே வெளிவருவதால் கடலின் தயவு அதற்கு வேண்டியதில்லை.

ஓமலூர்ப் பயணி எழுதியது:

ஐயா, தெளிவாகப் புரிந்தது. கடைக்குச் சொல்லி வைத்திருந்த முன்பதிவை இன்று காலையே ரத்து செய்துவிட்டேன். பெரியவர் சொன்னபடி வயல் நண்டையே பிடிக்கப் போகிறேன். என் அம்மா உயிரோடு இல்லை. வீட்டில் யாருக்கும் அந்தப் பக்குவம் தெரியவில்லை. பிடித்ததிலிருந்து இலையில் பரிமாறும் வரை யாராவது சொல்லித்தர முடியுமா?

கண்ணங்குறிச்சி அக்கா எழுதியது:

தம்பி, எங்கள் வீட்டில் மழைக்காலத்துக்கு நண்டு ரசம் இல்லாமல் இருக்காது. பொறுமையாகப் படித்துச் செய்யுங்கள்.

முதலில் நண்டை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நான் கல்யாணமான புதிதில், பிடித்துவந்த நண்டுகளை வாளி நிறையத் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தேன். விடிந்து பார்த்தால் 3 தவிர மற்றவை செத்துக் கிடந்தன. நன்னீர் நண்டு காற்றையும் சுவாசிக்கும். ஆழமான, தேங்கிய நீரில் மூச்சுமுட்டிப் போகும். ஈரச்சாக்கு விரித்த கூடையில் நிழலில் வைத்தாலே போதும். செத்த நண்டைச் சமைக்கவே கூடாது. செத்ததும் அதன் உள்ளுறுப்புகளின் சாறே சதையைக் கரைக்கத் தொடங்கிவிடும். சதை கூழாகி, நாற்றமும் வயிற்றுப்போக்கும்தான் மிஞ்சும்.

சமைக்கும் முன் ஃப்ரிட்ஜின் உறைபனி அறையில் 20 நிமிடம் வைத்தால் நண்டு மயங்கிவிடும். துடிக்கத் துடிக்கக் காலை ஒடிப்பதை நான் விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அது உயிருக்கும் நல்லது, கைக்கும் நல்லது. பழைய பல் துலக்கும் பிரஷால் கால் இடுக்குகளில் உள்ள சேற்றைத் தேய்த்துக் கழுவுங்கள். மல்லாத்திப் போட்டு வயிற்று மடலைத் தூக்கிப் பிடுங்குங்கள். மடல் குறுகி முக்கோணமாக இருந்தால் ஆண். அகன்று வட்டமாக வயிற்றையே மூடியிருந்தால் பெண். பெண் நண்டின் மடலுக்கு அடியில் முட்டையோ குஞ்சோ இருந்தால் அதைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவது எங்கள் மாமியார் காலத்திலிருந்து வரும் வழக்கம். பிறகு ஓட்டைப் பின்பக்கத்திலிருந்து நெம்பினால் பெட்டி திறப்பதுபோல் வந்துவிடும். இரு பக்கமும் சீப்புப் பற்கள்போலச் சாம்பல் நிறத்தில் இருக்கும் செவுளையும், கண்களுக்குப் பின்னால் சேறு நிறைந்திருக்கும் சிறு பையையும் எடுத்தெறியுங்கள். மீதி உள்ள மஞ்சள் கொழுப்பில்தான் மணம் இருக்கிறது.

ரசத்துக்கு 12 நண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய இடுக்கிகளைத் தனியாக வைத்துவிட்டு, உடலையும் சிறு கால்களையும் உரலில் இடித்து, 1 லிட்டர் தண்ணீரை இரண்டு தடவையாக ஊற்றிப் பிழிந்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். மிக்ஸியில் அரைத்தால் ஓடு பொடிப்பொடியாகித் துணியையும் தாண்டி வந்து தொண்டையில் குத்தும், உரல்தான் சரி. வடித்த சாற்றை 5 நிமிடம் அசைக்காமல் வைத்தால் மணல் அடியில் தங்கும். மேல் சாற்றை மட்டும் மண்சட்டியில் ஊற்றி, இடுக்கிகளையும் அதில் போட்டு, மஞ்சளும் உப்பும் சேர்த்து மிதமான தீயில் வையுங்கள். சாம்பல் நிறத்தில் கலங்கலாக இருக்கும் சாறு, சூடேற ஏற ஓரத்தில் நுரைகட்டி, பிறகு பால் திரிவதுபோல் திரிந்து, இளஞ்சிவப்பான கட்டிகளாக மேலே மிதந்து வரும். அந்த நேரத்தில் கரண்டியைப் போட்டுக் கலக்கிவிடாதீர்கள். அந்தக் கட்டிதான் நண்டின் சத்து. கலக்கினால் ரசம் மணல்போல் நறநறக்கும். கட்டி எல்லாம் மேலே கூடியபின் நன்றாகக் கொதிவந்து 15 நிமிடம் கொதிக்க வேண்டும்.

2 தேக்கரண்டி மிளகு, 1 தேக்கரண்டி சீரகம், 10 பல் பூண்டு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம் ஆகியவற்றைத் தட்டி நல்லெண்ணெயில் வதக்கி, தக்காளி ஒன்றைக் கரைத்துச் சேர்த்து, கடைசியில் சட்டியில் கொட்டுங்கள். மிளகு ஏற்காட்டு மிளகாக இருந்தால் நல்லது. காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏறிப் படர்ந்து காய்க்கும் அந்த மிளகுக்குத் தனிக் காரம். கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் கிள்ளிப்போட்டு இறக்கிவிடலாம்.

வாழப்பாடி மாணவி எழுதியது:

அக்கா, என் பாட்டி இருமலுக்கு நண்டை இடித்து, சாற்றைக் கொதிக்கவிடாமல் தேன் கலந்து கொடுக்கச் சொல்கிறார். கொதித்தால் சத்துப் போய்விடும் என்பது அவர் நம்பிக்கை. பாட்டியின் மனம் நோகாமல் இதை எப்படிப் பார்ப்பது?

ஆய்வகப் பணியாளர் எழுதியது:

கொடுக்கவே கூடாது, தங்கையே. இதை மட்டும் உறுதியாகச் சொல்வதற்காகவே எழுதுகிறேன். நன்னீர் நண்டிலும் கிரேஃபிஷிலும் நுரையீரல் தட்டைப்புழுவின் குஞ்சுப்பருவம் கண்ணுக்குத் தெரியாத சிறு கூடாகத் தங்கியிருக்கக் கூடும். நோயாளியின் சளியிலோ மலத்திலோ வெளியேறும் முட்டை நீரில் சேர்ந்து, முதலில் நத்தைக்குள்ளும், பிறகு நண்டுக்குள்ளும், பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றவரின் குடலுக்குள்ளும் போகும். அங்கிருந்து குடற்சுவரைத் துளைத்து நுரையீரலை அடையும். இந்தியாவில் இந்நோய் மணிப்பூர், நாகாலாந்து, அருணாசலப் பிரதேசம் போன்ற வடகிழக்கு மாநிலங்களில் அதிகம் கண்டறியப்பட்டுள்ளது. நான் சில ஆண்டுகள் மணிப்பூரில் பணியாற்றினேன். மாதக்கணக்கில் இருமல், சளியில் துருநிற இரத்தம் என்று வந்த ஒருவருக்கு, அதற்கு முன் பார்த்த இடத்தில் காசநோய் என்று எண்ணி மாத்திரை கொடுத்திருந்தார்கள். அவருடைய சளியை நுண்ணோக்கியில் வைத்தபோது, பொன்பழுப்பு நிறத்தில் ஒரு பக்கம் மூடிபோட்ட முட்டைகள் தெரிந்ததை இன்றும் மறக்கவில்லை. உரிய மருந்தில் அவர் குணமடைந்தார்.

கொரியாவில் ஒரு காலத்தில் தட்டம்மை கண்ட குழந்தைகளுக்குப் பச்சைக் கிரேஃபிஷ் சாற்றை மருந்தாகப் புகட்டினார்கள். அந்த வழக்கமே இந்தப் புழு பரவ ஒரு காரணமாயிற்று. பாட்டியிடம் அதைச் சொல்லுங்கள். பாட்டியின் மருந்தை நிறுத்த வேண்டாம், கொதிக்க வைத்துக் கொடுத்தால் போதும். உட்புறம் 63 டிகிரி செல்சியஸ் எட்டினாலே பாதுகாப்பு என்பது மருத்துவத் துறையின் அளவு. ஏற்காட்டின் உயரத்தில் நீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றாலும், அக்கா சொன்ன 15 நிமிடக் கொதி அங்கேயும் தாராளமாகப் போதும்.

அக்கா சொன்ன முறையில் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். ஆபத்து சட்டியில் இல்லை. இடித்த உரலிலும், பிழிந்த துணியிலும், கையிலும் இருக்கிறது. பச்சை நண்டை இடித்த அதே கையோடு வெங்காயம் நறுக்குவதும், அதே உரலில் கொத்தமல்லித் துவையல் அரைப்பதும் கூடாது. உரலுக்கும் துணிக்கும் கொதிநீர் ஊற்றிய பிறகே அடுத்த வேலை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் ரசத்தை நம்பி இருக்காமல் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இறாலோ கடல் நண்டோ தின்று உடலில் தடிப்பு வந்தவர்கள் வயல் நண்டையும் தொடக் கூடாது.

கண்ணங்குறிச்சி அக்கா எழுதியது:

உரலைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குப் புதிது. இத்தனை நாளும் பச்சைத் தண்ணீரில்தான் கழுவிவந்தேன். இனிமேல் கொதிநீர்தான்.

சரபங்கா கரை எழுதியது:

சமையல் பேச்சுக்கு நடுவே, எங்கே பிடிக்கக் கூடாது என்பதையும் எழுதிவிடுகிறேன். குருணை மருந்து போட்ட வயலில் நண்டு தானாகவே வரப்பில் ஏறித் தள்ளாடும். சுலபமாகக் கிடைக்கிறதே என்று அதை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது விஷத்தில் மயங்கிய நண்டு. தெரியாத வயலில் இறங்குவதற்கு முன் வயல்காரரிடம் அனுமதியும் கேளுங்கள், என்றைக்கு என்ன மருந்து அடித்தார் என்றும் கேளுங்கள்.

சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகரத்துக்குள் நுழைந்ததும் சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமக்கிறது. என் அப்பா அந்த ஆற்றுத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தவர். இன்று நகரத்துக்குக் கீழே அதில் பிடித்த எதையும் தின்னச் சொல்ல என் மனம் ஒப்பாது. அக்கா மணக்கிறது என்று சொன்ன மஞ்சள் கொழுப்பில்தான் கழிவின் நஞ்சும் தங்கும்.

விலங்கியல் ஆசிரியர் எழுதியது:

ஆம், கன உலோகங்கள் அந்த உறுப்பில்தான் சேரும். நீரைப் பற்றி ஐயம் இருந்தால் முழு நண்டையுமே தவிர்க்க வேண்டும். மலை ஓடைகளையும் விட்டுவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் மீன்பிடிப்பதும் பொறி வைப்பதும் 1882-ஆம் ஆண்டின் வனச்சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்டவை. சட்டம் ஒருபுறம் இருக்க, நன்னீர் நண்டுகள் எண்ணிக்கையில் குறைந்த, பெரிய முட்டைகளையே இடுகின்றன. குஞ்சுகள் வெகுதூரம் பரவுவதில்லை. ஓர் ஓடையைத் துடைத்தெடுத்துவிட்டால் பக்கத்து ஓடையிலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை. வயலில் நிறையக் கிடைக்கும்போது மலையைத் தொட வேண்டியதில்லை.

மேட்டூர் வலைக்காரர் எழுதியது:

அமாவாசை நண்டுக்குச் சதை அதிகம், பௌர்ணமி நண்டு வெறும் ஓடு என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். வயல் நண்டுக்கும் இது பொருந்துமா?

சரபங்கா கரை எழுதியது:

நான் கண்டவரை வயல் நண்டுக்கு நிலவைவிட மழைதான் கணக்கு. கோடை முழுதும் வளைக்குள் பட்டினி கிடந்து வெளிவந்த நண்டு லேசாக இருக்கும். நடவு வயலில் ஒரு மாதம் மேய்ந்தபின் கையில் எடுத்தாலே கனம் தெரியும். "நண்டு கொழுத்தால் வளையில் தங்காது" என்ற பழமொழியை எங்கள் வீட்டில் இந்தக் காலத்தைக் குறித்தே சொல்வார்கள். ஓட்டை விரலால் அழுத்தும்போது அமுங்கினால் அது புதிதாகச் சட்டை உரித்த நண்டு. உள்ளே நீர்தான் இருக்கும், விட்டுவிடுங்கள்.

ஓமலூர்ப் பயணி எழுதியது:

நேற்று இரவு மழை விட்டதும், எங்கள் சித்தப்பாவின் வயலில் அவரிடம் கேட்டு, 40 நாளாக மருந்து படவில்லை என்று உறுதிசெய்துகொண்டு இறங்கினோம். இரண்டு மணி நேரத்தில் 17 நண்டு. 3 நண்டின் ஓடு அமுங்கியதால் விட்டுவிட்டேன். ஒன்றை மல்லாத்தியபோது வட்ட மடலுக்கு அடியில் மிளகளவு குஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு ஊர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் முழு நண்டின் உருவம், இடுக்கி உட்பட. டார்ச்சை அணைத்துவிட்டு, அதைப் பிடித்த வளையின் வாயிலேயே வைத்தேன்; பின்னோக்கி நடந்து உள்ளே போனது.

மீதி 13-இல் ரசம் வைத்தோம். திரிந்து மேலே வரும்போது கலக்காமல் இருக்க என் தங்கையின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது. முதல் வாய் குடித்ததும் அப்பா, "உங்கம்மா இன்னும் கொஞ்சம் மிளகு தூக்கலாகப் போடுவாள்" என்றார். லூசியானாவின் அண்டாவை நான் மறக்கவில்லை. ஆனால் நேற்று அதை யாரும் கேட்கவில்லை.

ஒரே ஒரு ஐயம். அந்தக் குஞ்சுகள் தாயிடம் எத்தனை நாள் இருக்கும்? சித்தப்பா அடுத்த வாரம் அந்த வரப்பை அண்டை வெட்டப் போகிறார்.

விலங்கியல் ஆசிரியர் எழுதியது:

குஞ்சுகள் முதலில் சில நாட்கள் மடலைவிட்டு வராது. பிறகு சிறிது சிறிதாக வெளியே போய் மேய்ந்துவிட்டு மீண்டும் ஒண்டிக்கொள்ளும், அதன்பின் பிரிந்துவிடும். சித்தப்பாவால் முடியுமானால் அந்த ஒரு முழ நீளத்தை மட்டும் இரண்டு வாரம் கழித்து வெட்டச் சொல்லுங்கள்.

ஓமலூர்ப் பயணி எழுதியது:

சொல்லிவிட்டேன். அடையாளத்துக்கு வளைக்குப் பக்கத்தில் ஒரு நொச்சிக் குச்சியை நட்டிருக்கிறார்.